எங்கள் கல்யாணத்துக்குப் பேச்சுவார்த்தை நடத்திய மாமா

மெதுவாகப் பேசவே தெரியாத என் அருமை மாமாவுக்கு,

நீங்கள் போனதிலிருந்து ஸ்டெஃபானுக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் பழையபடி வாய்விட்டுச் சிரித்தான். நீங்கள் முதன்முதலாக என் அம்மாவைப் பார்க்க வந்த கதையை என் ஆபீஸ் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பாதியில் நான் பிடுங்கிக்கொண்டேன். உங்கள் மகனுக்குக் கதை சொல்ல வராது மாமா, உங்களுக்கே தெரியும்.

ஜெர்மனியில் சின்ன வயதிலேயே கொத்து வேலைக்குப் போனவர் நீங்கள். கூட வேலை செய்த நண்பர் ஒருவர், தடுப்புக்கம்பி இல்லாத சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். மறுநாள் காலையில் ஏணிக்குக் குறுக்கே நின்று, “கம்பி கட்டுற வரைக்கும் ஒருத்தரும் ஏறக் கூடாது” என்றீர்களாம். ஒருவரும் ஏறவில்லை. அன்றைக்குத் தலைவரானவர், ஓய்வு பெறும்வரை கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தைவிட்டு விலகவில்லை. துருக்கியிலிருந்து வந்தவருக்கும் போலந்திலிருந்து வந்தவருக்கும் ஒரே கூலி வேண்டும் என்று கத்திக் கத்தியே உங்கள் தொண்டை அப்படி ஆகிவிட்டது என்று அத்தை சொல்வார்கள்.

அந்தத் தொண்டையோடுதான் ஸ்டெஃபானையும் கூட்டிக்கொண்டு, அமெரிக்காவில் சான் ரமோன் ஊரில் என் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தீர்கள். அம்மா ஈரோட்டில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜெர்மன்காரன் மாப்பிள்ளையா என்று என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள். உங்களுக்குக் காபி மட்டும் கொடுத்தாள்.

நீங்கள் உங்கள் உடைந்த இங்கிலீஷில் சொன்னதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். “இந்த ரெண்டு பேரோட பிரதிநிதியா வந்திருக்கேன். இந்த விஷயத்துல நீங்கதான் முதலாளி.”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாரைப் பாத்து முதலாளிங்கறாரு? ஏங்கண்ணு, நல்லாச் சொல்லு அவருகிட்ட. ஸ்ட்ரைக் பண்ணி ஜெயில்ல இருந்தவ நானு!”

எனக்கே அது புதுச் செய்தி. அண்ணன், “என்னம்மா சொல்ற, ஜெயிலா?” என்று லேப்டாப்பை மூடினான். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அம்மாவுக்குக் கை நீட்டினீர்கள். அம்மா வேற்று ஆம்பிளைக்குக் கை கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கொடுத்தாள்.

அப்புறம் கல்யாணப் பேச்சை யார் எடுத்தது? நீங்கள் ஜெயித்த போராட்டம் எதையும் சொல்லவில்லை. பனிக்காலத்தில் வேலை இல்லையென்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று கேட்டு, வாரக்கணக்கில் பனியில் நின்று, ஒன்றும் கிடைக்காமல் தலைகுனிந்து வேலைக்குத் திரும்பியதைச் சொன்னீர்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். “நாங்களும் தோத்துட்டுத்தானுங்க வந்தோம். ஜெயில் சாப்பாட்டுல எடை வேற கூடிப்போச்சு.”

ஆனால் அம்மா அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். “பாஷை தெரியாத வீடு. நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாருகிட்டப் போயி அழுவா? நீங்க யாரு பக்கம் நிப்பீங்க?”

“உங்க பொண்ணு பக்கம்.”

ஸ்டெஃபான் பதறிப்போனான். “அப்பா, நான் உங்க மகன்!”

“நீ நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கே. அவ ஹெல்மெட் போட்டுக்கிட்டு சைட்டுக்குப் போற இன்ஜினியர். நான் எப்பவும் சைட் ஆளுங்க பக்கம்தான்.”

அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கேசரி கிண்டும் வாசம் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கோயிலில் தாலி கட்ட வேண்டும் என்றாள் அம்மா, சரி என்றீர்கள். சமைத்தவர்களும் நாற்காலி போட்டவர்களும் நம்மோடு பந்தியில் உட்கார வேண்டும் என்றீர்கள் நீங்கள். “அதை நீங்க சொல்லோணுமாக்கும்?” என்றாள். பக்கத்து ஊரான பிளசன்டனில், கல்யாண மண்டபத்தில் சமையல்காரருக்குப் பக்கத்தில் வேட்டி அவிழ அவிழ உட்கார்ந்து நீங்கள் ரசம் குடித்த போட்டோ எங்கள் ஹாலில் இருக்கிறது.

இந்த வருடம், உங்கள் அஸ்தியை அடக்கம் செய்த அன்று, அம்மாவும் எங்களோடு ஜெர்மனிக்கு வந்தாள். சங்கக் கொடிகளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு உங்கள் பழைய தோழர்கள் நின்றார்கள். ஒரே அமைதி. அம்மா என் கையை விட்டு முன்னால் போனாள். பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு கையை உயர்த்தி, “தொழிலாளர் ஒற்றுமை!” என்று கத்தினாள். யாருக்கும் புரியவில்லை. “ஓங்குக” என்றேன் நான், அழுகையோடு. மூன்றாவது தடவை, அந்தக் கிழவர்கள் எல்லாரும் “ஓங்குகா” என்றார்கள். கொடிகள் மேலே போயின. அத்தை அழுதுகொண்டே சிரித்தார்கள். உங்களுக்குக் கேட்டிருக்குமா மாமா?

இன்னொரு செய்தி. உங்களுக்குப் பேரக்குழந்தை வரப்போகிறது. வயிற்றுக்குள் உதைக்கிற உதையைப் பார்த்தால் யாருடைய வாரிசு என்று சந்தேகமே இல்லை. அத்தை அடுத்த வாரம் வருகிறார்கள். மூன்று மாதத்துக்குத்தான் டிக்கெட். “சம்பந்தியம்மா திரும்பிப் போயி அந்தக் குளிருல தனியா என்ன பண்ணுவாங்க? இங்கயே இருக்கட்டும்” என்கிறாள் அம்மா. அத்தை சம்மதிப்பார்களோ என்னவோ. சம்மதித்தால் இங்கே, இல்லையென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அங்கே. எப்படியானாலும் அத்தையைத் தனியாக விட மாட்டேன் மாமா. இது என் வாக்கு.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும் மருமகள்,
தேன்மொழி