சந்தோஷக் காசு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் மகள் ஏழாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு என்னைத்தான் வேலை வாங்குகிறாள்.

எங்கள் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு வாசலில் புது டாக்டரம்மா ஒரு பலகை மாட்டியிருக்கிறார். ஊழியர்களுக்கு யாரும் பணம் தரக்கூடாதாம். இருபத்துநாலு வருஷமாக இங்கே ஆயாவாக இருக்கும் நான்தான் பிள்ளைகளைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே கொண்டுவந்து காட்டுகிறேன். பெற்றவன் மனம் குளிர்ந்து சந்தோஷக் காசு கொடுக்கிறான். அது லஞ்சமாம். நீ அங்கே ஓட்டலில் தட்டு வைத்து வாங்கினால் டிப்ஸ், நான் உயிரையே ஏந்தி வந்து வாங்கினால் குற்றமா? நீயே நியாயம் சொல்.

அக்கா

மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

மகளை நீ பார்த்துக்கொள்கிறாய் என்ற தைரியத்தில்தான் இங்கே கவலையில்லாமல் தட்டு தூக்குகிறேன்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். என் மேஜையில் சாப்பிட்டவர் காசு வைக்காமல் எழுந்து போனாலும் சாப்பாடு அவர் வயிற்றில்தான் இருக்கும். நீ ஒன்றே ஒன்று சொல். பிள்ளையைக் கையில் கொடுத்த பிறகு காசு வாங்குகிறாயா, வாங்கிய பிறகு கொடுக்கிறாயா?

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

ஏப்ரல் 22

தம்பி,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. கோபம்தான். பதில் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாயே என்ற கோபம்.

நேற்றுக் காலை ஒரு பெயின்டர் வந்தான். நகக்கண்ணெல்லாம் பச்சை. வழக்கம்போல அவன் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காலிப் பாக்கெட்டைத் தொட்டுவிட்டுத் தலை குனிந்தான். உன் கேள்வி காதில் விழுந்தது. "பிடிப்பா" என்று அவன் கையில் வைத்துவிட்டேன்.

அந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை, தம்பி. பிள்ளை கண்ணைத் திறந்தது. அவன் மூச்சு விட மறந்து நின்றான். "நிஜமாவே என்னோடதா?" என்று என்னிடம் கேட்டான். பிள்ளை அவன் பச்சை விரலைப் பிடித்துக்கொண்டது. விரலை அசைக்கவே பயந்தான். நான் நகராமல் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது தினமும் என் கண் முன்னால்தானே நடந்திருக்கும்? இத்தனை வருஷம் நான் பார்த்ததெல்லாம் சட்டைப்பைகளைத்தான்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உன் மகளையும் நான்தான் வெளியே கொண்டுவந்தேன். கேலியாகத்தான் உன்னிடமும் கை நீட்டினேன். மற்ற ஆயாக்கள் சிரித்தார்கள். நீ கொடுத்த நோட்டு நாலாக மடித்திருந்தது, அது நினைவிருக்கிறது. உன் முகம் நினைவில்லை. எப்படி இருந்தது என்று எழுது.

அக்கா

மே 6

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தப் பெயின்டர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாய். நானும் அப்போது பிள்ளையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பையாகத் துழாவி நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் தூங்கிப்போயிருந்தாள்.

லீவு கிடைத்துவிட்டது. இருபதாம் தேதி வந்துவிடுவேன். என் பேரப்பிள்ளையையும் நீயே வெளியே கொண்டுவா. பையே இல்லாத சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

தம்பி