தின்னும் சத்தம்

ஓட்வே காடு,
மார்ச் 4

அன்புள்ள ரோனா அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். வரவில்லை. இங்கே போனுக்கு சிக்னல் இல்லாதது உனக்கு வசதி.

மன்னா யூகலிப்டஸ் மரங்களெல்லாம் தின்று தீர்ந்து மொட்டை. கோலாக்கள் வெறுங்கிளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இருபதைப் பிடித்து, மலைக்கு அந்தப் பக்கம் மெஸ்மேட் என்ற வேறு யூகலிப்டஸ் மரக்காட்டில் விடப்போகிறோம். சிலவற்றுக்கு இருக்கும் கண்நோய் கூடவே போய்விடக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் ஊசி.

உன் டெஸ்லி

மெல்பர்ன்,
மார்ச் 9

அன்புள்ள டெஸ்லி,

உன் கோபம் நியாயம். ஆனால் ஊசி வேண்டாம். நோயுள்ளதற்கு மட்டும் போடுங்கள். அந்த விஷ இலையைச் செரிக்கவைப்பது குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றைப் பெறத்தான் குட்டி தாயின் மலத்தைத் தின்கிறது. ஊசி அவற்றையும் கொல்லும். பிறகு வயிறு முட்டத் தின்றாலும் பட்டினிதான். மரமும் புதிது; அதற்கு வேறு நுண்ணுயிர்கள் வேண்டும். மெஸ்மேட் தின்று பழகிய கோலாக்களின் புழுக்கையிலிருந்து அவற்றை எடுத்து எங்கள் ஆய்வகத்தில் மாத்திரை செய்து தருகிறேன். மூன்று வாரம் பொறு.

ரோனா

ஓட்வே,
மார்ச் 15

அக்கா,

எங்கள் வனக்காவல் தலைவர் க்ளெமிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"புழுக்கை மாத்திரையா? மொதல்ல உங்கக்காவ ரெண்டு முழுங்கச் சொல்லும்மா. மூணு வாரம் பொறுத்தா இங்க எலும்புதான் மிஞ்சும்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கோபிக்காதே. தினமும் ஒன்று செத்து விழுகிறது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நேற்று எல்லாவற்றுக்கும் ஊசி போட்டு, கொண்டுபோய் விட்டுவிட்டோம். நானும் அங்கேயே கூடாரம் போட்டிருக்கிறேன்.

டெஸ்லி

மெல்பர்ன்,
மார்ச் 19

டெஸ்லி,

எடை பார். தின்பதைப் பார்க்காதே, எடையைப் பார்.

ரோனா

மெஸ்மேட் காடு,
மார்ச் 25

அக்கா,

புது இலையை ஓயாமல் தின்கின்றன. கண்ணெல்லாம் தெளிந்துவிட்டது. "உங்கக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்பு, வயிறெரியட்டும்" என்கிறார் க்ளெம். வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவை. இப்போதுதான் வாய் ருசி கண்டிருக்கின்றன. இறக்கித் தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவையாவது, நல்லது செய்தாய் என்று எழுதேன்.

டெஸ்லி

மெஸ்மேட் காடு,
ஏப்ரல் 3

அக்கா,

நீ பதில் போடவில்லை. போடாததும் சரிதான்.

இன்று காலை மரத்தடியில் இரண்டு செத்துக் கிடந்தன. வயிற்றைத் தொட்டேன், இலை நிறைந்து கல்லாக இருந்தது. முதுகைத் தடவினேன்; ரோமத்துக்கு அடியில் எலும்பு மட்டும்தான். க்ளெம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாத்திரை தயாரா என்று கேட்க எனக்கு முகமில்லை. கேட்கிறேன். பதில் எழுதிக்கொண்டிருக்காதே, எடுத்துக்கொண்டு வா.

மிச்சம் பதினெட்டும் மேலே தின்றுகொண்டிருக்கின்றன. கூடாரத்துக்குள் காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கிறது.

டெஸ்லி