வேகம் பூச்சியமான பொலஸ்

இன்றைக்கு மத்தியானம் கடையில் பொலஸ் கறி வாசம் வந்ததும் முதலில் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. என்னோடு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் சிங்கள அக்கா சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, "நங்கி, பொலஸ்! ஒரு கரண்டி போடவா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் நங்கி, தங்கச்சி. பிஞ்சுப் பலாக்காயைக் கொறக்காப் புளியும் கறுவாப்பட்டையும் போட்டுக் கறுப்பாக வேகவைத்த கறி. கண்டியில் மற்ற எல்லோருக்கும் அது கறி. எனக்கு மட்டும் அது முதுகெல்லாம் முள்ளோடு நாலு குட்டைக்கால் வைத்து நடக்கிற மிருகம். வேண்டாம் என்று சொல்லப் போய், சிரிப்பு வந்து, அது பாதியில் வேறு ஏதோவாக மாற, லென்ஸ் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். போன பிறகும் என் சாப்பாட்டைக் கெடுக்கிறாயே, இது உனக்கே நியாயமா?

அந்த ஃபோன் விளையாட்டை யாருக்காவது விளக்கச் சொன்னால் நான் ஐந்து நிமிடத்தில் சண்டை பிடித்துவிடுவேன். நீ நின்ற நிலையில் முடித்துவிடுவாய். "ரெண்டு பேர் இந்தப் பக்கம், ரெண்டு பேர் அந்தப் பக்கம். ஆளுக்கொரு மிருகம், மிருகத்துக்கு நாலு வித்தை. ஒவ்வொரு சுற்றிலும் ஒண்டைத் தெரிவு செய்ய வேணும். வேகமானது முதல்ல செய்யும், மெதுவானது கடைசியாச் செய்யும். உயிர் முடிஞ்ச மிருகம் விழும்." கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நான் பக்கத்தில் நின்று, இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் தொண்டை கிழியக் கத்துகிறோம் என்று யோசிப்பேன்.

நாம் சந்தித்தது அக்குறணையில், ஞாயிறு ஆட்டங்கள் நடக்கும் ஃபோன் கடை மேல்மாடியில். மடுல்கெல்லயிலிருந்து இரண்டு பஸ் மாறி, தலை கலைந்து, பசியோடு வந்து நின்றேன். உனக்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து அரை மணித்தியாலம்கூட இல்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு கதிரையில் உட்கார்ந்திருந்தாய். உன் அப்பா அரசாங்கக் கந்தோர் வேலைக்கு மாற்றலாகி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தவர். நீ பிறந்தது இங்கேதான், வாய் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. "நீர் ஆரோட விளையாடப் போறீர்?" என்று கேட்டாய். "நீரா? தண்ணி வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். நீ சிரிக்காமல், பக்கத்துக் கதிரையை எனக்காக இழுத்துப் போட்டாய்.

என் மிருகம் சிவப்புப் பறவை. அங்கே இருந்த எல்லாவற்றிலும் வேகமானது. சிவப்பு மிளகாய் மாதிரி இருந்ததால் கொச்சிக்காய் என்று பேர் வைத்திருந்தேன். உன்னுடையதன் உண்மைப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. சிங்களப் பையன்கள் பொலஸ் என்று கூப்பிட, தமிழரும் முஸ்லிம்களும் அதையே பிடித்துக்கொண்டோம். அதைத் தொட்டு அடிக்கிறவரின் உயிரை அதன் முள் கொஞ்சம் குடிக்கும். ஆனால் உலகத்திலேயே மெதுவானது. அதன் முறை வருவதற்குள் அடித்துப் படுக்கவைத்துவிடுவார்கள். அதனால் பொலஸ் வளர்த்த எல்லோரும் பயிற்சிப் புள்ளிகளை வேகத்தில் கொட்டினார்கள். நீ ஒருத்திதான் அதன் வேகத்தைக் குறைத்து, குறைத்து, பூச்சியத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். எவ்வளவு மெதுவோ அவ்வளவு பலமாக விழுகிற ஒரு அடி அதனிடம் இருந்தது. பார அடி. "தன்ரை முறை வரும் மட்டும் உயிரோட இருந்தாப் போதும்" என்பாய். அது இருக்காது என்பதுதான் எல்லோருக்கும் பகிடி. நானும் சேர்ந்துதான் சிரித்தேன், இப்போது மறைக்க என்ன இருக்கிறது?

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா! எதிரே துணிக்கடைக்கார முஸ்லிம் அண்ணன், நம் எல்லோருக்கும் நானா; அவரோடு அவர் தம்பி. உன் பொலஸுக்குப் பாதி உயிர்கூட இல்லை. இன்னும் ஒரு சுற்றில் விழுந்துவிடும். நேரம் ஓடுகிறது, நான் வித்தைகளின் மேல் விரலை அங்கும் இங்கும் ஓட்டுகிறேன். நீ வழக்கம்போல, "ஏன் அந்தரப்படுறீர்? ஆறுதலா, ஆறுதலா" என்றாய்.

உங்கள் வீட்டில் ஆறுதலா என்றால் அவசரப்படாதே, மெதுவாக. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஆறுதல் என்றால் அழுகிறவள் தோளில் கை வைப்பது. கொச்சிக்காயிடம் ஒரு குணப்படுத்தும் வித்தை இருந்தது. பக்கத்து மிருகத்தின் உயிரைத் திருப்பிக் கொடுக்கும். அதன் நீண்ட ஆங்கிலப் பேர் பிடிக்காமல் அதற்கும் நான் 'ஆறுதல்' என்றுதான் பேர் வைத்திருந்தேன். ஒரு நாளும் பாவித்ததில்லை. அடிக்கத்தானே பறவை வளர்த்தேன்! நீ சொன்னதும் யோசிக்காமல் அதை அமத்திவிட்டேன்.

"ஐயோ, ஏன் அதை அமத்தினீர்?"

"நீதானடி ஆறுதல் ஆறுதல்னு கத்துன!"

நம் சண்டை முடிவதற்குள் திரையில் சண்டை தொடங்கிவிட்டது. வேகமான கொச்சிக்காய் முதலில் போய்ப் பொலஸுக்கு உயிரை நிரப்பியது. அதற்குப் பிறகு நானாவும் தம்பியும் கொடுத்த இரண்டு அடியையும் பொலஸ் வாங்கிக்கொண்டு நின்றது. அடித்த இரண்டு பேருக்கும் முள் குத்தியது. கடைசியாகப் பொலஸின் முறை. பார அடி. நானாவின் மிருகம் சுருண்டு விழுந்தது. "அல்லாஹ்வே, பொலஸ் இன்னும் எழும்பித்தானே ஈக்கிது!" என்று நானா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

பஸ் நிலையம் வரைக்கும் நாம் பேசிக்கொண்டே போனோம். வேகமானது அடிக்கும், மெதுவானது தாங்கும் என்றுதான் எல்லோரும் விளையாடினார்கள். நம்முடையது மறுபக்கம்: வேகமானது பார்த்துக்கொள்ளும், மெதுவானது அடிக்கும். எனக்கு அது லேசில் பழகவில்லை. அடிக்காமல் ஒரு சுற்றைக் கடப்பது எனக்கு முள்ளில் இருப்பது மாதிரி. ஆனால் அதை வைத்து இரண்டு வருஷம் கண்டியிலும் மாத்தளையிலும் எத்தனை பேரின் மூக்கை உடைத்தோம்!

பிறகு உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பொலஸை என் கணக்குக்கு அனுப்பிவிட்டு ஒரு குரல் செய்தி போட்டாய். "ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு என்னால வர ஏலாது. பொலஸை நீ வைச்சிரு. காய்ச்சல் விட்டதும் வாங்குறன்." முதன்முறையாக என்னை நீ என்றாய். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன், மடச்சி. நாலாம் நாள் உன் அம்மா அழைத்தார். அன்றைக்கு மூடிய விளையாட்டை ஒரு வருஷத்துக்குமேல் நான் திறக்கவில்லை.

திறக்க வைத்தது துணிக்கடை நானாதான். அவர் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார், சோடி இல்லை. கண்டியில் போட்டி என்று கடைக்கே வந்து கேட்டார். திறந்து பார்த்தால் விதியெல்லாம் மாறியிருந்தது. ஆறுதல் வித்தையை இனிப் பக்கத்து மிருகத்துக்குப் பாவிக்க முடியாது, தனக்குத்தான். நம்முடைய தந்திரம் அத்தோடு சரி. அதோடு, பழைய மிருகம் எதுவானாலும் புதிதாகப் பயிற்சி கொடுத்த பிறகுதான் போட்டிக்குள் வரலாம். கொடுத்தால் பழைய வித்தைகள், பழைய புள்ளிகள், எல்லாம் அழியும். 'வளர்த்தவர்' என்ற இடத்தில் இருக்கும் உன் பேரும் அழிந்து என் பேர் வரும். திரும்ப எடுக்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் வேறு எச்சரித்தது. உன் கணக்கின் கடவுச்சொல்லும் யாருக்கும் தெரியாது. அதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆக, அந்த விளையாட்டில் உன் பேர் இருந்த ஒரே இடம் என் கையில் இருந்தது.

"நான் அதைத் தொட மாட்டேன் நானா" என்றேன். "தங்கச்சி, தொடாட்டி அது படம்தான். படத்தப் பாக்கிறத்துக்கா அந்தப் புள்ள அத வளர்த்த?" என்றார். எனக்குக் கோபம் வந்து ஏதோ கத்திவிட்டேன். அவர் கடையை விட்டு இறங்கிப் போனார். பதிவு முடிய மூன்று நாள் இருந்தது. இரண்டு நாள் நான் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். அழிப்பதென்றால் கேட்க வேண்டிய ஆள் உன் அம்மாதானே!

அம்மாவுக்கு விளங்கவைக்க ஒரு பிளேன்டீ ஆறிப்போனது. பேர் போய்விடும் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, "முழுசாப் போயிடுமோ?" என்று கேட்டார். "ஓம் அன்டி" என்றேன். ஆமாங்க என்கிற என் வாயில் உங்கள் ஓம் எப்படி வந்ததோ தெரியாது. அம்மா, தான் போட்டிருந்த நீலச் சட்டையின் பக்கத்தை இழுத்துக் காட்டினார்.

"இது ஆற்ரை எண்டு தெரியுதோ, பிள்ளை?"

அப்போதுதான் கண்டேன். உன்னுடையது. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, வேறு துணி வைத்து அகட்டியிருந்தார்.

"கத்தரிக்கோலைக் கையில வைச்சுக்கொண்டு ஒரு முழுப் பின்னேரம் இருந்தனான். வெட்டினால் அவளின்ரை அளவு போயிடும். வெட்டாட்டி அலுமாரிக்குள்ளை பூச்சி தின்னும். கடைசியில வெட்டினன். நல்லா அழுதன். அடுத்த நாள் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனன்." சட்டையைத் தடவிவிட்டுக்கொண்டார். "உன்ரை மிருகத்துக்கும் பக்கத்தைப் பிரிச்சு விடு."

உங்கள் வீட்டு விறாந்தையிலேயே உட்கார்ந்து அமத்தினேன். அம்மா என் முதுகில் கை வைத்திருந்தார். உன் பேர் போனது. என் பேர் வந்தது. நான் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். நீ இருந்திருந்தால் இதை ரசித்திருப்பாய், கேள். நானாவிடம் இப்போது ஒரு தவளை இருக்கிறது. அது மூடுபனி போடும். பனி இருக்கும் நாலு சுற்றுக்கும் வரிசை தலைகீழ்: மெதுவானது முதலில், வேகமானது கடைசியில். மடுல்கெல்ல ரோட்டில் பனி இறங்கினால் பறக்கிற வேன்காரன் திணறுவான், ஊர்ந்து போகிற தேயிலைக் கொழுந்து லொறி போய்க்கொண்டே இருக்கும். அப்படித்தான் என்று வை. அப்படியென்றால் உலகத்திலேயே மெதுவான மிருகத்துக்கு அங்கே என்ன மரியாதை! புள்ளிகளை நிரப்பும்போது பலத்தில் கொட்டினேன், உயிரில் கொட்டினேன். வேகத்துக்கு வந்ததும் கை நின்றது. உன் கணக்கு இப்போதும் சரி. பூச்சியம் போட்டேன்.

போட்டி கண்டி டவுனில், ஒரு டியூஷன் வகுப்பு மண்டபத்தில் நடந்தது. உன் அம்மா அதே நீலச் சட்டையோடு வந்து முன்வாங்கில் உட்கார்ந்தார். "எங்கட ஆள் எது?" என்று கேட்டார், காட்டினேன். முதல் ஆட்டத்தில், பனி விழுவதற்கு முன்பே எதிராளியின் புலி பாய்ந்து பொலஸை அறைந்தது. அம்மா எழும்பிக் கை தட்டினார். "அன்டி, அடி வாங்கினது நம்ம ஆளு!" என்று நான் பல்லைக் கடித்தேன். மண்டபமே சிரித்தது. ஆனால் முள் குத்தி, ஏற்கெனவே நானாவின் தவளையிடம் அடிபட்டிருந்த புலி அப்படியே சரிந்தது. "நான் சரியாத்தானே தட்டினனான்" என்று அம்மா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பனி இறங்கியது, பொலஸ் எல்லோருக்கும் முதலில் நகர்ந்தது. ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பொலஸ் முதலில்! நானா என் தோளை உலுக்கிய உலுக்கில் ஃபோன் விழப் பார்த்தது.

மூன்று ஆட்டம் வென்றோம். நாலாவதில் தோற்றோம், அதுவும் என் அவசரத்தால்தான். ஒரு சுற்று பொறுத்திருந்தால் வென்றிருப்போம். பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன். நீ என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு சுற்றுப் பொறுமை. இன்னும் முழுசாக வரவில்லை, பாதிதான் வந்திருக்கிறது. கடையில் கண்ணாடி சரியில்லை என்று கத்துகிறவரைக்கூட இப்போது முடியும்வரை கத்தவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா தன் ஃபோனை நீட்டி, "உந்த விளையாட்டை எனக்கும் போட்டுத் தா" என்றார். போட்டுக் கொடுத்தேன். கொச்சிக்காய் மாதிரிப் பறவை ஒன்றைக் காட்டினேன். "வேண்டாம், அது உன்னைப் போலச் சண்டைக்காரியாக் கிடக்கு" என்று குட்டிப் பொலஸ் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். விளையாடுகிறவரின் பேர் என்ன என்று திரை கேட்டது. அம்மா யோசிக்கவே இல்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால், எழுத்து எழுத்தாக உன் பேரைப் போட்டார்.

பிறகு ஒன்றுக்கு ஒன்றாக, உனக்கும் எனக்கும் ஆட்டம் நடந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை, மூன்றே சுற்றில் உன்னைத் தோற்கடித்தேன். நீ தோற்றாய் என்று திரையில் பெரிதாக விழுந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு, ஃபோனை மடியில் வைத்து விரலை உதறிக்கொண்டு, "இன்னொருக்கா" என்றார்.