மூன்று நீலக் கோடுகள்

இன்று காலை மலையடிவாரத்துத் தாப்பா ஊரில் ஒரு பட்டறையைக் கடக்கும்போது, இரும்பில் துளை போடுகையில் எண்ணெய் சூடாகிக் கிளம்புமே, அந்த வாசம் வந்தது. நின்றுவிட்டேன். உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே நம் தேயிலைத் தொழிற்சாலையில் நீ ஃபிட்டர். நான் ஆபீஸில் இயந்திரப் படம் வரைகிறவன். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழை நாள், இலை உருட்டும் இயந்திரத்தில் ஒரு தகடு விரிசல் விட்டு வேலை நின்றது. புதுத் தகட்டுக்கு அவசரமாகப் படம் போட்டேன். துளைக்கு நேரே 'ஓர் அங்குலம்' என்று மட்டும் எழுதினேன். நீ அப்படியே துளைத்தாய். அதற்குள் சுழல வேண்டிய அச்சு பாதியிலேயே இறுகிக்கொண்டது.

வெளியே லோரியிலிருந்து இலை இறங்கிக்கொண்டே இருந்தது. தொழிற்சாலையை நடத்தும் துரை வந்து பார்த்தார்.

"என்னா ஓட்டை போட்டிருக்க நீ? அளந்து பாத்தியா?"

படம் போட்டது நான்தான் என்று நான் வாய் திறக்கவில்லை. நீ மறுபடி அளந்தாய், நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி.

"அளவு சரியாத்தான் இருக்குலா. அப்புறம் ஏன் போவல?"

அச்சில் நீல மையைத் தடவி, உள்ளே தட்டி, வெளியே எடுத்தாய். துளையின் சுவரில் மூன்று நீலக் கோடுகள்.

"இங்க பாருடா! மூணே எடத்துல ஒட்டியிருக்கு. ஓட்டை வட்டமாவே இல்ல, மூணு மூலையா இருக்கு. ஆனா எப்படி அளந்தாலும் ஒரே அளவு காட்டுது!"

திட்டு வாங்கியதையே மறந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"துரை, தப்பு படத்துலதாங்க. உள்ள அச்சு சுத்தணும்னு நான் எழுதல. எழுதியிருந்தா இவன் சின்னதா துளைச்சு, அப்புறம் ரீமர் விட்டு வட்டமா சீவியிருப்பான்."

துரை என் பக்கம் திரும்பினார். "இப்ப சீவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரீமரை நீ கையால் சுற்றினாய். நான் எண்ணெய் விட்டேன். மதியத்துக்கு மேல் இயந்திரம் ஓடியது. அதற்குள் பாதி இலை சூடேறிப் புளித்து, கொட்ட வேண்டியதாயிற்று.

உனக்கு அது அத்தோடு முடியவில்லை. ஒரு வாரம், ஓய்வு நேரமெல்லாம் கழிவுத் தகடுகளைத் துளைத்து மை தடவிக்கொண்டிருந்தாய். மெல்லிய தகட்டில்தான் துளை அதிகம் கோணுகிறது என்று கண்டுபிடித்து, துண்டுகளை என் மேசையில் பரப்பினாய். "இனிமே ஓட்டை வரைஞ்சா, உள்ள என்ன போவுது, அது சுத்துமா நிக்குமான்னு எழுது. நான் எப்படிப் போடணும்னு எனக்கே தெரிஞ்சிடும்" என்றாய். நான் ஏன் முதலிலேயே வாய் திறக்கவில்லை என்று மட்டும் நீ ஒருநாளும் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. நான் ஈப்போவில் ஒரு பட்டறை ஆபீஸுக்கு மாறிவிட்டேன். அங்கே எவனாவது வேலையாளைத் திட்டும் சத்தம் கேட்டால் போதும், தப்பு படத்தில் இருக்குமோ என்று படச்சுருளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய் ஓடுவேன். கிழவனுக்கு என்ன அவசரம் என்று பையன்கள் சிரிப்பார்கள். உன் பக்கத்தில் நான் ஊமையாக நின்ற அந்தச் சில நிமிடங்களைப் பற்றி அவர்களிடம் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.