அடுப்புக்கு மேலே ஓர் ஓவியம்

என்னங்க,

நீங்கள் ஜெர்மனி கிளம்பும்போது பொம்மசந்திரா ஸ்டோரேஜ் கிடங்கில் வாடகை கட்டிப் போட்டுவிட்டுப் போன நம் சாமான்களுக்கு, இந்த மாத பில்லில் திடீரென்று இன்சூரன்ஸும் சேர்த்திருந்தார்கள். கேட்காமல் எப்படிப் போடலாம் என்று நேரில் போய்ச் சண்டை பிடித்தேன்.

"நாங்களா போடல மேடம். சார்தான் போன் பண்ணி, அந்த பெயிண்டிங்குக்கு மட்டும் போடச் சொன்னாரு."

என் அம்மா வீட்டில் போட்ட கட்டிலுக்கு இல்லை, பீரோவுக்கு இல்லை. உங்கள் ஆபீஸ் ரூபினி வரைந்து கொடுத்ததற்கு மட்டும்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை.

இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஓவியத்தை மர்பி டவுன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இந்தச் சின்ன வீட்டில் வேறு சுவர் ஏது? அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நான் தினமும் மீன் வறுக்கிறேன்.

உங்கள் மனைவிதான்