தேசாதிபதியின் பதக்கங்கள்

பெப்ரவரி 15, சனி

இன்று தம்பியோடு டவுன்டவுனில் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். ஜாவாக்காரன் ஒருவன், தன் நாட்டை ஆண்ட ஒல்லாந்தத் தேசாதிபதியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறான். பின்னால் புயல்மேகம். நெஞ்சில் மினுங்கும் பதக்கங்கள்.

“தன்ர சனத்தை அடக்கின ஆளை எவ்வளவு வடிவாக் கீறியிருக்கிறான். வெக்கங்கெட்டவன்!” என்றான் தம்பி.

நான் அந்தப் பதக்கங்களையே பார்த்தேன். அன்று ஊரில், பிடித்துக்கொண்டுபோன தம்பியை இராணுவ முகாமிலிருந்து விடுவிக்க, அங்கிருந்த கொமாண்டரின் படத்தை ஒன்பது நாள் வரைந்தவன் நான். வயிற்றைக் குறைத்தேன். பதக்கங்களைப் பளபளக்க வைத்தேன். அம்மா மடுக்கோயில் மாதாவுக்கு வைத்த நேர்த்திக்கடனால்தான் வெளியே வந்ததாக அவன் இன்றும் நம்புகிறான்.

ஜாவாக்காரன் மூலையில் தன் பெயரை எழுதியிருந்தான். நான் எழுதவில்லை. ஆனால் நான் வரைந்தவற்றில் ஆகச் சிறந்த படம் அதுதான்.