முகம் தெரியச் செத்தவன்

உஸுமாசா, கியோத்தோ
1973 பிப்ரவரி 11

அன்புள்ள சொனோகோவுக்கு,

ஸ்டூடியோவில் உன்னோடு பேசக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அதனால் இதை ஒப்பனைக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நேற்றும் என்னை நன்றாகவே வெட்டினாய். வெள்ளித்தாள் ஒட்டிய மூங்கில் கத்திதான் என்றாலும் விலா வலிக்கத்தான் செய்கிறது. நாலு வருஷமாக உன் கையால் சாகிறேன், ஒரு படத்திலாவது முகம் தெரியச் சாகவில்லை. முதுகைக் காட்டி விழவே பிறந்தவன் போலிருக்கிறது.

நம் மிவாவுக்கு ஏப்ரலில் பள்ளிக்கூடம். நான் வாங்கிக் கொடுத்த சிவப்புத் தோல் பையை இப்போதே மாட்டிக்கொண்டு திரிகிறாள். அவளுடைய மூன்று வயதில் நீ போனாய், உன் முகம் அவளுக்கு நினைவில்லை. "முதல் நாளுக்கு எல்லாரோட அம்மாவும் வருவாங்களாம். எனக்கு யாருப்பா வருவா?" என்று கேட்கிறாள். அந்த ஒரு நாள் மட்டும் வா. நீ அனுப்பிய விவாகரத்துக் காகிதத்தில் மறுநாளே என் முத்திரையை வைத்துவிடுகிறேன்.

கென்சாகு

டோக்கியோ
மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் இருமல் தேவலையா? மருந்தைப் பாதியில் நிறுத்துவீர்கள், தெரியும்.

என்னால் வர முடியாது. கல்யாணமாகாதவள் என்று பத்திரிகைகளில் எழுதியாகிவிட்டது. "பழி வாங்கறவளுக்குப் புருஷனும் புள்ளையும் இருந்தா எவன் டிக்கெட் வாங்குவான்?" என்று தயாரிப்பாளர் நேருக்கு நேர் கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கோழை என்று திட்டுங்கள், தகும்.

வெறுங்கையோடு மறுக்க மனமில்லை. இயக்குநரிடம் சண்டை போட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்தப் படத்தின் கடைசிச் சண்டையில், பனியில், கடைசியாக விழுகிறவர் நீங்கள்தான். கேமரா உங்கள் முகத்தில் நிற்கும். மிவா தன் அப்பாவைத் திரையில் நன்றாகப் பார்க்கட்டும்.

காகிதத்தை மறந்துவிடாதீர்கள்.

சொனோகோ

உஸுமாசா
ஆகஸ்ட் 20

சொனோகோவுக்கு,

படம் வந்துவிட்டது. மிவாவை நானே அழைத்துப் போனேன். என் முகத்தை அவள் பார்த்த பிறகு, "வெட்டினது யாரு தெரியுமா? உங்கம்மா" என்று காதில் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

படத்தில் உன் அப்பாவைக் கொன்றவர்களை நீ ஒவ்வொருவராகத் தேடிப் போனபோதெல்லாம் அவள் உனக்காகக் கை தட்டினாள். கடைசியில் பனியில் என் எதிரே வந்து நின்று, "பேரச் சொல்லு. சொல்லிட்டுச் சாவு" என்றாய். திரை முழுக்க என் முகம். நன்றாகத்தான் செத்தேன்.

மிவா கை தட்டவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, நான் இங்கதான உக்காந்திருக்கேன்" என்றேன்.

"நீ சும்மா இருப்பா. அவள நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தெருமுனைப் பொதுக் குளியல்கூடத்துச் சுவரில் உன் சுவரொட்டி இருக்கிறது. தினமும் மர ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு அதன் முன் போய் நின்று, "பேரச் சொல்லு" என்கிறாள். அதில் கடின எழுத்துகளில் அச்சடித்திருக்கும் உன் பெயரை வாசிக்க அவளுக்கு இன்னும் தெரியாது. நேற்று என்னையே கேட்டுவிட்டாள்: "அவ யாருப்பா?"

சொல்ல வாயெடுத்தேன். பள்ளிக்கூடத்து முதல் நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அவள் முகம் நினைவுக்கு வந்தது. 

"தெரியாதும்மா" என்றேன்.

நீ விரும்பியதும் அதுதானே, புருஷனும் பிள்ளையும் இல்லாதவளாக இருப்பது. முத்திரை வைத்துவிட்டேன், காகிதம் இதனுடன் இருக்கிறது.

கென்சாகு